சிர்ச்சேயோக் காடு: இயற்கையும் உழைப்பும் உடைமையும்

இயற்கையை மனித சமூகத்துக்குப் புறம்பான, என்றும் மாறாத ஒரு பொருளாகக் கருதும் மனப்பாங்கு கற்றோரிடையேயும் வேரூன்றியுள்ளது. ‘கன்னிவனம்’, ‘மனிதனின் கால் படாத காடு’ முதலாய தொடர்கள் இம்மனப்பாங்கின் வெளிப்பாடுகளே. மனிதர் பல்லாயிரம் ஆண்டுகளாக இடையறாது வாழ்ந்து, மேய்த்து, வெட்டி, உழுது வந்த மத்தியதரைக் கடற் பிரதேசத்தில் இக்கருத்து எவ்வகையிலும் நிலைபெறமுடியாது. அங்கே எஞ்சியுள்ள தொன்மையான காடு ஒவ்வொன்றும் யாரோ சிலருடைய உழைப்பினதும் யாரோ சிலருடைய உடைமையினதும் வரலாற்றைத் தன்னுள் கொண்டுள்ளது. இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டவல்ல ஓர் எடுத்துக்காட்டு, இத்தாலியில் உரோம் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ நூறு கிலோ மீற்றர் தொலைவில், திரேனியக் கடலோரமாக அமைந்துள்ள சிர்ச்சேயோ தேசியப் பூங்காவாகும். அங்குள்ள காட்டையும் உயிரினங்களையும் அறிமுகஞ் செய்வதோடு, அவை இன்றைய நிலையை எய்திய சமூக நிகழ்முறையை விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நிலமும் உயிரினங்களும்

சிர்ச்சேயோ பூங்கா 8,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட பரப்புடையது. ஒன்றோடொன்று தொடர்புடைய நான்கு நிலவகைகளை அங்கு முதன்மையாகக் காணலாம்: கடலினுள் நீண்டு நிற்கும் 541 மீற்றர் உயரமான சுண்ணக்கல் மலைமுனை, ஏறத்தாழ 22 கிலோ மீற்றர் நீளமான மணற்குன்றுத் தொடர், அதன் பின்னால் வரிசையாக அமைந்த பாவோலா, கப்புரோலாச்சே, மொனாச்சி, பொலியானோ என்னும் நான்கு கரையோர ஏரிகள், அவற்றுக்கும் அப்பால் சமவெளியில் பரந்துள்ள ஏறத்தாழ 3,300 ஹெக்டேயர் காடு. இத்தாலியில் எஞ்சியுள்ள சமவெளிக் காடுகளுள் இதுவே மிகப் பெரியது. இதன் சிறப்பு இங்கேயே தங்கியுள்ளது. மலைச்சரிவுகளில் உழவு கடினமாதலால் அங்கு காடுகள் தப்பிப் பிழைத்தல் இயல்பு. உழுதற்கு உகந்த சமவெளியில் ஒரு காடு தப்பிப் பிழைத்தமைக்குத் தனியானதொரு விளக்கம் தேவைப்படுகின்றது. அவ்விளக்கத்தைப் பின்னர் காண்போம்.

இக்காட்டில் ஓக் மரங்களே மேலோங்கி நிற்கின்றன. துருக்கி ஓக், இத்தாலிய ஓக் ஆகிய இரண்டும் குளிர்காலத்தில் இலையுதிர்க்கும் இனங்கள். காட்டின் பெரும்பகுதி இவற்றால் ஆனது. வறண்ட மேட்டுப்பகுதிகளில் என்றும் பசுமை மாறாத ஓக்கும், பட்டையிலிருந்து தக்கை பெறப்படும் தக்கை ஓக்கும் வளர்கின்றன. காட்டின் அடித்தளம் பழைய மணற்குன்றுகளாலானது. அக்குன்றுகளுக்கிடையேயுள்ள பள்ளங்களில் களிமண் படிந்திருத்தலால் மாரிமழை கீழே இறங்காமல் தேங்கி நிற்கும். குளிர்காலத்தில் நிரம்பிக் கோடையில் வற்றும் இக்குட்டைகளை அங்குள்ளோர் ‘பிஷீனே’ என்பர். ஆஷ், ஆல்டர், ஆங்கில ஓக் முதலிய ஈரம் விரும்பும் மரங்கள் இவற்றின் ஓரங்களிலே செழிக்கின்றன. தவளைகளும் நீர்ப்பல்லிகளும் இவற்றிலேயே முட்டையிடுகின்றன. குட்டைகள் நிரம்பாத ஆண்டு இவ்வுயிரினங்களுக்கு இனப்பெருக்கம் குன்றிய ஆண்டாகும்.

மலைமுனையின் இரு பக்கங்களும் இருவேறு உலகங்கள் எனலாம். வடபகுதியைக் ‘குளிர்க் காற்பகுதி’ என்றும் கடலை நோக்கிய தென்பகுதியை ‘வெப்பக் காற்பகுதி’ என்றும் மக்கள் வழங்குவர். முன்னையதில் என்றும் பசுமையான ஓக் மரங்கள் அடர்ந்துள்ளன. பின்னையதிலே வெயிலையும் உப்புக் காற்றையும் தாங்கவல்ல, ‘மாக்கியா’ எனப்படும் தடித்த இலைப் புதர்க்காடு காணப்படுகின்றது. மிர்ட்டில், மஸ்திக், எரிக்கா முதலிய செடிகளோடு ஐரோப்பாவுக்கு இயற்கையாக உரிய குட்டைப் பனையும் அங்குள்ள பாறை வெடிப்புகளில் வேர்விட்டுள்ளது.

விலங்குகளுள் காட்டுப்பன்றியே முதலிற் குறிப்பிடத்தக்கது. முள்ளம்பன்றி, நரி, வளைதோண்டும் பேட்ஜர், காட்டு முயல் ஆகியனவும், ஹேர்மன் ஆமை எனப்படும் தரையாமையும் இங்கு வாழ்கின்றன. மரங்கொத்திகள் முதிர்ந்த ஓக் மரங்களைக் குடைந்து கூடமைக்கின்றன. பைரி என்னும் வல்லூறு மலைமுனையின் செங்குத்துப் பாறைகளிற் குஞ்சு பொரிக்கின்றது. ஆபிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்குமிடையே வலசை செல்லும் பறவைகளுக்கு ஏரிகளும் அவற்றைச் சூழ்ந்த ஈரநிலங்களும் தங்குமிடங்களாகும். பூநாரை, பெருங்கொக்கு, பலவகை வாத்துக்கள், உள்ளான்கள் என்பன அங்கே காணப்படுகின்றன. நான்கு ஏரிகளும் 1976ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவமுடைய ஈரநிலங்களாகச் சேர்க்கப்பட்டன. 1977ஆம் ஆண்டில் காடு யுனெஸ்கோவின் உயிர்க்கோள ஒதுக்கிடங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது.

2. புராணமும் பொருளியலும்

சிர்ச்சேயோ என்னும் பெயர் கேர்கே என்னும் மாயக்காரியின் பெயரிலிருந்து பிறந்தது. ஹோமரின் ‘ஒடிசி’ காவியத்தின் பத்தாம் பகுதியில் அவள் ஒடிசியசின் தோழர்களைப் பன்றிகளாக மாற்றிப் பட்டியில் அடைத்து ஓக் கொட்டைகளை உணவாக இடுகின்றாள். காவியத்திலே அவளது இருப்பிடம் ஒரு தீவு. இம்மலைமுனையோ தலைநிலத்தோடு இணைந்தது. எனினும் கடலும் சதுப்பும் சூழ்ந்த நிலையில் தூரத்திலிருந்து நோக்குவோருக்கு அது தீவாகவே தோன்றும். அரிஸ்டோட்டிலின் மாணாக்கரான தியோபிரஸ்டஸ் கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியை ஒட்டி எழுதிய தாவரவியல் நூலில் இவ்விடத்தைக் குறிப்பிடுகின்றார். உயர்ந்த மலைமுனை, அடர்ந்த காடு, ஓக், லோரல், மிர்ட்டில் ஆகியவற்றின் மிகுதி என்பன அவர் தரும் செய்திகள். கேர்கே அங்கே வாழ்ந்தாள் என்று ஊரார் சொல்வதையும், முன்னர் தீவாக இருந்த இடம் ஆற்றுவண்டலாலே தலைநிலத்தோடு இணைந்தது என்ற கருத்தையும் அவர் பதிவுசெய்துள்ளார். தொன்மக் கதையையும் தாவரங்களின் பட்டியலையும் ஒரே பந்தியில் அருகருகே வைத்த இக்குறிப்பு, இக்காட்டைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாகும்.

பன்றியும் ஓக் கொட்டையும் வெறும் கற்பனையல்ல என்பது மனங்கொள்ளத்தக்கது. தென் ஐரோப்பாவில் ஓக் காடுகள் நெடுங்காலமாகப் பன்றி மேய்ச்சற் களங்களாக விளங்கின. இலையுதிர் காலத்தில் உதிரும் கொட்டையே பன்றியைக் கொழுக்கவைக்கும் உணவு. குளிர்காலத்துக்கான இறைச்சியும் கொழுப்பும் அவ்வழியே கிடைத்தன. எனவே ஒரு காட்டில் எத்தனை பன்றிகளை யார் மேய்க்கலாம் என்பது ஐரோப்பியக் கிராமத்தின் வாழ்வாதாரப் பிரச்சினைகளுள் ஒன்றாயிருந்தது. மேய்ச்சல், விறகு பொறுக்கல், கரி சுடல் முதலியன இத்தாலியில் கிராம மக்களின் வழக்குரிமைகளாக இருந்துவந்தன. நில உடைமை தனியார்மயமான காலத்தில் இவ்வுரிமைகள் குற்றங்களாக மாறின. 1842ஆம் ஆண்டில் இளைஞரான கார்ல் மார்க்ஸ், உதிர்ந்த விறகைப் பொறுக்கிய ஏழைகளைத் திருடராக்கிய இரைன் மாகாணச் சட்ட விவாதங்களை ஆராய்ந்து எழுதியமை ஈண்டு நினைவுகூரற்பாலது. காடு யாருடையது என்னும் வினாவே பொருளியற் பிரச்சினைகளின்பால் அவரது கவனத்தை ஈர்த்த தொடக்க வினாக்களுள் ஒன்றாகும்.

3. கொசுவும் காட்டுக் குடிசையும்

சமவெளியில் இக்காடு எவ்வாறு தப்பியது என்னும் வினாவுக்கு இப்பொழுது வருவோம். காட்டைச் சூழ்ந்திருந்தவை பொந்தினியச் சதுப்புநிலங்கள். கி.மு. 312இல் தொடங்கப்பட்ட அப்பியன் நெடுஞ்சாலை இச்சதுப்பை ஊடறுத்துச் சென்றது. யூலியஸ் சீசர் இதனை வடிக்கத் திட்டமிட்டதாகப் பண்டைய ஆசிரியர் கூறுவர். பாப்பரசர் பலர் முயன்றனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆறாம் பயஸ் வெட்டுவித்த பெருங்கால்வாய் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. கால்வாய்களில் மண்டிய களைகளை அகற்ற எருமை மந்தைகளை நீரினுள் ஓட்டிச்செல்லும் வழக்கமும் இருந்தது. இம்முயற்சிகள் ஓரளவே பயனளித்தன. சதுப்பும் அதிற் பெருகிய அனோபிலிஸ் கொசுவும் மலேரியாவும் நிலையான குடியிருப்பைத் தடுத்து நின்றன. காட்டைக் காத்தது எவருடைய இயற்கைப் பற்றுமன்று. காய்ச்சலே அதன் காவலாயிற்று.

ஆயினும் அக்காடு ஆளற்ற காடாக இருக்கவில்லை. நிலமற்ற, அல்லது போதிய நிலமில்லாத மலைக்கிராமத்துக் குடும்பங்கள் இலையுதிர் காலத்தில் அங்கு இறங்கிவந்தன. மரங்களை வெட்டி வெளியாக்கிய இடங்களில் நாணலாலும் வைக்கோலாலும் குடிசையமைத்து மந்தை மேய்த்தும், கரி சுட்டும், விறகு வெட்டியும், சிறு பயிர் செய்தும் வாழ்ந்தன. கோடையில் காய்ச்சலுக்கு அஞ்சி மலைக்குத் திரும்பின. இவ்வகை வெளியும் குடிசைகளும் சேர்ந்த இருப்பிடத்தின் பெயர் ‘லெஸ்திரா’. திரும்புவதற்கு முன்னரே காய்ச்சலுக்குப் பலியானோர் பலர்.

1898ஆம் ஆண்டில் இத்தாலிய விஞ்ஞானிகள் மனித மலேரியாவை அனோபிலிஸ் கொசு பரப்புவதை நிறுவினர். மருத்துவரான அஞ்சலோ செல்லி நோயின் காரணத்தைக் கொசுவோடு மட்டும் நிறுத்தாது, வறுமையோடும் நிலவுடைமையோடும் இணைத்து நோக்கியவர். அவரும் அவர் மனைவி அன்னாவும், கவிஞரும் நாவலாசிரியருமான ஜொவானி சேனா, எழுத்தாளர் சிபில்லா அலெராமோ, ஓவியர் துய்லியோ கம்பெலொத்தி ஆகியோரும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமச் சமவெளியிலும் பொந்தினியச் சதுப்பிலும் உழவர் குடும்பங்களுக்கான பள்ளிகளை அமைத்தனர். அவற்றுட் சில குடிசைகளிலேயே நடைபெற்றன. எழுத்தறிவும் கொயினாவும் ஒருங்கே சென்ற இவ்வியக்கம், இலக்கியவாதிகள் மக்களிடம் சென்றமைக்கு நல்ல எடுத்துக்காட்டாகும். நிலவுறவை மாற்றும் வலிமை அதற்கு இருக்கவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

4. 1934: அழிப்பும் காப்பும்

பாசிச அரசு சதுப்பை வடிக்கும் பணியைத் தன் புகழ்ச்சின்னமாக்கியது. கால்வாய்கள் வெட்டப்பட்டன, நீரேற்று நிலையங்கள் நிறுவப்பட்டன. லித்தோரியா 1932 டிசம்பரிலும் சபாவுதியா 1934 ஏப்ரலிலும் திறந்துவைக்கப்பட்டன. பொந்தினியா 1935இல் உருவாயிற்று. லித்தோரியா இன்று லத்தீனா எனப்படுகின்றது. வெனெத்தோ முதலிய வட மாகாணங்களிலிருந்து ஏறத்தாழ 3,000 குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. இக்குடும்பங்கள் போர்வீரர் நிறுவனத்தின் கீழ்ப் பங்குக் குத்தகையாளராகவே வேலை தொடங்கின. லெஸ்திராக்களில் வாழ்ந்தோருக்குப் பெரும்பாலும் அந்நிலத்திற் பங்கு கிடைக்கவில்லை. அவர்களது குடிசைகள் மறைந்தன. வழக்குரிமைகளை ஒழுங்குபடுத்தி முடிவுறுத்தும் நோக்குடைய சட்டம் 1927ஆம் ஆண்டிலேயே நிறைவேற்றப்பட்டிருந்தது.

இவ்வேலைகளின் போது, முன்னர் ஏறத்தாழ 11,000 ஹெக்டேயர் பரப்புடையதாயிருந்த தெராச்சினாக் காடு வெட்டப்பட்டு மூன்றிலொரு பங்களவாகச் சுருங்கியது. எஞ்சிய பகுதியைத் தேசியப் பூங்காவாக்கும் சட்டம் 1934 சனவரி 25இல் இயற்றப்பட்டது. அதாவது பூங்காச் சட்டத்துக்கும் காட்டு நிலத்திலே எழுந்த சபாவுதியாவின் திறப்புவிழாவுக்கும் இடையே மூன்று மாதங்களே கழிந்தன. காட்டின் பெரும்பகுதியை அழித்த அதே அரசே எஞ்சியதைக் காத்தது. இதனை முரண் என்று கூறி வியப்பதோடு நில்லாது அதன் காரணத்தைக் காணல் வேண்டும். வடிக்கப்பட்ட சமவெளி உற்பத்திக்குரியது, ஒதுக்கப்பட்ட காடு காட்சிக்குரியது என்ற பிரிவினை அப்போது உருவாயிற்று. இவ்விரு கூறுகளுக்குமிடையே இருந்த மக்கள்சார் பயன்பாட்டுக்கு, அதாவது மேய்ச்சலுக்கும் கரிக்கும் விறகுக்கும், இரண்டிலும் இடமில்லாது போயிற்று.

இன்று பூங்காவினுள் மனிதத் தலையீடு எதுவும் அனுமதிக்கப்படாத முழுக் காப்பிடங்கள் சில உள்ளன. அவற்றுள் ஒன்றின் பெயர் ‘லெஸ்திரா தெல்லா கோஷா’. குடியானவரின் குடிசை வெளியைக் குறித்த சொல், மனிதர் தொடாத இயற்கையின் பெயராக மாறியுள்ளது. இக்காடு எவருடைய உழைப்பினூடாக உருவெடுத்ததோ அவரைப் பற்றிய எழுத்துச் சான்று அருகியே கிடைக்கின்றது. இடப்பெயர்கள் அச்சான்றின் ஒரு பகுதியை நமக்குப் பேணித் தந்துள்ளன.

5. வெற்றியின் விலை

‘மனிதக் குரங்கிலிருந்து மனிதனாக மாறியதில் உழைப்பின் பங்கு’ என்ற கட்டுரையில் பிரெடரிக் ஏங்கெல்ஸ், இயற்கையின் மீது நாம் பெறும் வெற்றிகள் முதலில் எதிர்பார்த்த பயனைத் தந்தாலும், பின்னர் எதிர்பாராத விளைவுகளைக் கொண்டுவரும் என்று எச்சரிக்கின்றார். மெசப்பொத்தேமியா, கிரேக்கம், சின்ன ஆசியா ஆகியவற்றில் விளைநிலத்துக்காகக் காடழித்தமை அவர் காட்டும் சான்றுகளுள் அடங்கும். பொந்தினியச் சமவெளி இக்கூற்றுக்குப் பிற்கால உரை போல அமைந்துள்ளது.

முதலாவது விளைவு போர்க்காலத்தில் வந்தது. 1943ஆம் ஆண்டின் இறுதியில் ஜேர்மன் படையினர் நீரேற்று நிலையங்களைச் செயலிழக்கச் செய்து சமவெளியை வெள்ளத்தில் ஆழ்த்தினர். 1944இல் மலேரியா மீண்டும் பெருகியது. வரலாற்றாசிரியரான பிராங் ஸ்னோடன் இதனை நோயை ஆயுதமாக்கிய திட்டமிட்ட செயல் என வாதிடுகின்றார். போருக்குப் பின் டி.டி.ரி. தெளிப்பினால் நோய் அடக்கப்பட்டது. 1970ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இத்தாலியை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. மலேரியாவின் ஒழிவு மக்களுக்குக் கிடைத்த ஐயத்துக்கிடமற்ற நன்மை. சதுப்பின் அழகை எண்ணி இதனைக் குறைத்து மதிப்பிடுவோர், அங்கே குழந்தைகளை அடக்கஞ் செய்த குடும்பங்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது விளைவு மெதுவானது. சூழவுள்ள நிலமெங்கும் நீரை வெளியேற்றும் ஒழுங்கு அமைந்தபின், காட்டின் குட்டைகள் மழையையே நம்பிநிற்கின்றன. மழை குன்றிய ஆண்டுகளில் ஈரம் விரும்பும் மரங்கள் நலிகின்றன. வயல்களிலும் கண்ணாடிக் கூடாரப் பண்ணைகளிலும் இடப்படும் உரம் கால்வாய்களின் வழியே ஏரிகளைச் சென்றடைகின்றது. மணற்குன்றுகளையும் ஏரிக்கரைகளையும் ஒட்டிச் சட்டத்துக்கு மாறாக எழுந்த மாளிகைகள் பூங்காவின் நீண்டகாலப் பிரச்சினைகளுள் ஒன்று. ஏரிக்கரையில் ஓய்வுமனை அமைக்கும் வழக்கம் புதியதன்று. பாவோலா ஏரியோரத்தில் உரோமப் பேரரசன் டொமிஷியனின் மாளிகையின் இடிபாடுகள் உள்ளன. அன்று அடிமையுழைப்பு பேரரசனுக்கு அளித்த கடற்காட்சியை, இன்று நிலச்சந்தை செல்வருக்கு அளிக்கின்றது.

மூன்றாவது, ‘காப்பு’ என்ற பெயரிலேயே நிகழ்ந்த மாற்றம். 1950களில் டாமா மான்கள் காட்டின் வேலியிட்ட பகுதியொன்றிற் கொண்டுவந்து விடப்பட்டன. பின்னர் காடெங்கும் பரவிய அவை, இளம் ஓக் நாற்றுகளையும் கீழ்த்தளச் செடிகளையும் மேய்வதால் காடு தன்னைப் புதுப்பிப்பது தடைப்படுகின்றது. அவற்றின் தொகையைக் குறைக்கும் திட்டம் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. மானைக் கண்டு மகிழும் பார்வையாளருக்குக் கண்ணிற்படாத நாற்றின் அழிவு தெரிவதில்லை. காட்டைக் காட்சிப் பொருளாகக் கொள்ளும் நோக்கின் வரையறை இதனால் புலனாகும்.

6. வேலிக்கு வெளியே

பூங்காவின் எல்லைக்கு அப்பாலுள்ள வயல்களில் இன்று உழைப்போருட் பலர் இந்தியாவின் பஞ்சாப் மாநிலத்திலிருந்து சென்றோராவர். சென்ற நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் சபாவுதியாவையும் லத்தீனாவையும் சூழவுள்ள காய்கறிப் பண்ணைகளில் வேலைக்கமர்ந்தனர். இவர்களை வேலைக்குச் சேர்த்துக் கூலியிற் பங்கு பறிக்கும் இடைத்தரகர்களை இத்தாலியர் ‘கப்பொராலி’ என்பர். நமது வழக்கிலே கங்காணி என்ற சொல்லே அதற்குப் பொருந்தும். 2016 ஏப்ரலில் இத்தொழிலாளர் ஆயிரக்கணக்கில் லத்தீனாவில் ஒன்றுதிரண்டு வேலைநிறுத்தஞ் செய்தனர். அதே ஆண்டின் இறுதியில் இக்கங்காணி முறைக்கெதிரான கடுமையான சட்டமொன்று நிறைவேறிற்று. எனினும் 2024 யூன் மாதத்தில் லத்தீனா மாகாணத்துப் பண்ணையொன்றில் இயந்திரத்திற் சிக்கிக் கையிழந்த இந்தியத் தொழிலாளி ஒருவர், மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லப்படாது தமது வசிப்பிடத்தின் அருகே கைவிடப்பட்டு, பின்னர் உயிரிழந்தார். இத்தாலி முழுவதையும் அதிரவைத்த நிகழ்ச்சி அது.

இச்செய்தி காட்டைப் பற்றிய கட்டுரைக்குப் புறம்பானது எனச் சிலர் கருதக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. ஏரியை நஞ்சூட்டும் உரமும் தொழிலாளியின் கையைத் துண்டித்த இயந்திரமும் ஒரே உற்பத்தி முறையைச் சேர்ந்தவை. குறைந்த செலவில் மிகுந்த விளைச்சல் என்னும் நியதி மண்ணையும் நீரையும் உழைப்பையும் ஒருசேரச் சுரண்டுகின்றது. லெஸ்திராவிற் காய்ச்சலோடு கரி சுட்டவரும், கண்ணாடிக் கூடாரத்துள் மருந்து தெளிப்பவரும் ஒரு நூற்றாண்டு இடைவெளியில் ஏறத்தாழ ஒரே இடத்திலேயே நிற்கின்றனர்.

காட்டைக் காப்பது அவசியமா என்பது இங்கு வினாவன்று. 3,300 ஹெக்டேயர் சமவெளிக் காடு மீண்டும் உருவாக்க முடியாத செல்வம். அதில் ஓரங்குலமும் குறைதலாகாது. எவ்வாறு காப்பது என்பதே வினா. வேலிக்கு உள்ளே மரத்தையும் பறவையையும் காத்து, வேலிக்கு வெளியே நீரையும் மனிதரையும் சந்தையிடம் ஒப்படைக்கும் கொள்கை, நாளடைவில் உள்ளேயுள்ளதையும் காக்கவியலாது. குட்டையின் நீர்மட்டம் வயலின் வடிகாலோடும், ஏரியின் தூய்மை பண்ணையின் உர அளவோடும் பிணைந்துள்ளன. அவ்வடிகாலையும் உரத்தையும் பற்றித் தீர்மானிப்போரோ இன்று நிலமுடையோர் மட்டுமே. அத்தீர்மானத்தில் வயலில் உழைப்போரும் ஏரியில் மீன்பிடிப்போரும் பங்குகொள்ளும் நாளில்தான் சிர்ச்சேயோவின் ஓக் நாற்றுகளுக்கு உண்மையான காவல் கிட்டும்.